நீண்ட இடைவெளிக்குப் பிறகு இன்டர்வியூ: வகுப்பா, வீட்டுப் பயிற்சியா, ஆளைப் பிடிப்பதா?

பத்துப் பன்னிரண்டு வருடம் பிள்ளை வளர்ப்பில் போன பிறகோ, வளைகுடாவில் படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை பார்த்துவிட்டு வந்த பிறகோ, கொழும்பில் திரும்ப ஒரு கம்பனிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாசுக்குப் போனால் சரி வருமா?" அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியால் நடந்தாலும் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனாலும் கண்ணில் படுவது அந்தப் பலகைதான். பயம் வந்த நேரத்தில் கண்முன் இருக்கும் கதவைத்தான் எவரும் தட்டுவார்கள்.

ஆனால் கையில் இருப்பது ஒன்றரை இரண்டு மாதமும் அளவான காசும் என்றால், அதை எதில் போடுவது என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வகுப்புக்குப் போகலாம். வீட்டிலிருந்தே தனியாகப் பழகலாம். துறை தெரிந்த ஒருவரை முன்னால் இருத்தி மாதிரி இன்டர்வியூ செய்து பார்க்கலாம். விட்டுப்போன பாடத்தைப் புதுப்பிக்க ஒரு குறுகிய பாடநெறி செய்யலாம். இல்லையென்றால், நடப்பது நடக்கட்டும் என்று விண்ணப்பித்து, நிஜ இன்டர்வியூக்களிலேயே பழகலாம். கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்து, ஆள் எடுக்கும் மேசையில் கேள்வி கேட்கும் பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் மாதிரி இன்டர்வியூ செய்ய ஆளைப் பிடியுங்கள். மற்றதெல்லாம் அவர் என்ன சொல்கிறார் என்பதைப் பார்த்துப் பிறகு.

கேள்வி கேட்பவர் எதற்குப் பயப்படுகிறார்

இடைவெளியோடு வருபவரைப் பார்க்கும்போது மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கும் பயம் உண்டு. இவருக்குத் தொழில் இன்னும் கையில் இருக்கிறதா? மூன்று மாதத்தில் "வீட்டில் கஷ்டம் சேர்" என்று விட்டுவிட்டுப் போய்விடுவாரா? தன்னைவிடப் பத்து வயது குறைந்த மனேஜர் ஒரு வேலையைத் திருத்தச் சொன்னால் முகம் சுழிக்காமல் செய்வாரா? இந்த மூன்றுக்கும் பிறகுதான் ஆங்கிலம் வருகிறது. வாடிக்கையாளரோடு நாள் முழுக்கப் பேசும் வேலை என்றால் அது மேலே ஏறும். கணக்கு, களஞ்சியம், கொள்வனவு, ஆய்வுகூடம், மென்பொருள் போன்ற இடங்களில் இலக்கணப் பிழையோடு சரியான பதில் சொன்னவரை எடுத்திருக்கிறோம். அழகான ஆங்கிலத்தில் பழைய பதில் சொன்னவரை விட்டிருக்கிறோம்.

விண்ணப்பிப்பவரோ இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வருகிறார். ஆங்கிலம், உடை, கைகுலுக்கல் என்று ஆயத்தம் செய்கிறார். தொழில் பற்றிக் கேட்க மாட்டார்கள், அதுதான் சேவைக் கடிதம் இருக்கிறதே என்று நினைக்கிறார். கேட்பார்கள். இடைவெளி கூடக் கூட அதைத்தான் கூடுதலாகக் கேட்பார்கள்.

ஆளைப் பிடிப்பது

என் மச்சாள் ஒருவர் 2014 இல் கணக்கு உதவியாளர் வேலையை விட்டவர். கடைசிப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு திரும்ப வேலைக்குப் போக விரும்பினார். அவரும் வகுப்புக்குத்தான் பெயர் பதியப் போனார். அதற்கு முன்னால் ஒருமுறை, தெஹிவளையில் இருக்கும் ஓய்வுபெற்ற நிதி முகாமையாளர் ஒருவரிடம் அனுப்பினோம். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். கல்யாண வீட்டில் கண்டால் மச்சாளைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு அவர் அப்படிக் கூப்பிடவில்லை. வந்தவரை விறாந்தையில் கொஞ்ச நேரம் காக்க வைத்தார். தேத்தண்ணீர் கொடுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்துகொண்டு, "சிட் டவுன், மிஸ்" என்றார். முதல் இரண்டு கேள்விகளும் சாதாரணம். மூன்றாவதாக, பெறுமதி சேர் வரியைப் பற்றி, "இப்ப வற் எத்தனை வீதம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மச்சாள் பன்னிரண்டு என்றார். அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தாளில் ஏதோ எழுதினார். "ஒரு இறக்குமதிக் கம்பனி மாத முடிவில் என்னென்ன வரி கட்ட வேணும்?" மச்சாள் வற், தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி, சம்பளத்தில் கழிக்கும் பே வரி என்று வரிசையாகச் சொன்னார். அவர் திரும்பவும் எழுதினார்.

அந்தத் தாளில் இருந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். 2014 இல் வற் 12 வீதம்தான், மச்சாளின் ஞாபகத்தில் குறையில்லை. அதற்குப் பிறகு அது இறங்கி, ஏறி, 2019 டிசம்பரில் 8 ஆகி, 2022 இல் இரண்டு தடவை கூடி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2019 டிசம்பரோடு இல்லாமலே போய்விட்டது. பே வரி 2020 இல் போய், அதன் இடத்துக்கு ஏபிட் என்கிற முற்பண வருமான வரி வந்தது. 2023 ஜனவரியிலிருந்து அது வரி எல்லைக்கு மேல் சம்பளம் எடுப்பவர்களுக்குக் கட்டாயம். 2022 ஒக்டோபரில் 2.5 வீதத்தில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று புதிதாக ஒன்று முளைத்தது. குத்தகைகளைக் கணக்கில் காட்டும் முறையும் 2019 இலிருந்து புதிய கணக்கீட்டுத் தரநிலையால் மாறிப்போயிற்று.

எந்த ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பும் இந்தத் தாளைத் தந்திருக்காது. இது மச்சாளின் திறமைக் குறையும் இல்லை. நாலைந்து பின்னேரம் இருந்து வாசித்தால் முடிகிற வேலை. ஆனால் எதை வாசிக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே! அதைச் சொல்லக்கூடியவர் அதே துறையில் இருந்தவர் மட்டும்தான்.

இது கணக்குப் பிரிவுக்கு மட்டும் உரிய கதையில்லை. 2014 இல் வங்கி வேலையை விட்ட ஒருவர், கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே காசு போகும் சீஃப்ட்ஸ் முறை வருவதற்கு முன்பே வெளியேறியவர். மனிதவளப் பிரிவுக்குத் திரும்புபவர், தனியார் துறையில் ஓய்வு வயது 60 என்று 2021 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்ததையும், தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் வேறொரு சட்டம் வந்ததையும் தெரிந்திருக்க வேண்டும். தாதியருக்கும் ஆசிரியருக்கும் பொறியியலாளருக்கும் இதுபோல ஒவ்வொரு தாள் இருக்கும்.

யாரைப் பிடிப்பது என்பதில் கவனம் வேண்டும். கூடப் பிறந்தவர்கள், நெருங்கிய சிநேகிதிகள் வேண்டாம். அவர்கள் பாதியில் சிரித்துவிடுவார்கள், அல்லது "நல்லாத்தானே சொன்னனி" என்று ஆறுதல் சொல்வார்கள். கணவன் மனைவிக்குள் செய்து பார்த்தால் அது வேறு சண்டையில் போய் முடியும். பழைய மேலாளர், கோயில் நிர்வாக சபையில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அறிமுகமான ஒரு தாயோ தகப்பனோ என்று முகம் தெரிந்த, ஆனால் உரிமை எடுக்க முடியாத ஒருவர்தான் சரி. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுப் பாருங்கள். ஓய்வுபெற்றவர்களுக்குத் தங்கள் அனுபவத்தை யாராவது கேட்டு வருவது பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், சுயவிபரத்தையும் வேலை விளம்பரத்தையும் முதல்நாளே கொடுத்துவிடுங்கள்.

இந்த வழியின் குறை ஒன்றையும் மறைக்கக் கூடாது. அகப்படும் ஆளும் பழைய ஆளாக இருக்கலாம். பதினைந்து வருடத்துக்கு முன் ஓய்வுபெற்றவர் உங்களைவிடப் பின்னுக்கு நிற்பார். இப்போதும் வேலையில் இருப்பவர் கிடைத்தால் அவரே மேல், அவர் வயதில் சின்னவராக இருந்தாலும் சரி. தன்னைவிடச் சின்னவர் கேள்வி கேட்க அமைதியாகப் பதில் சொல்லிப் பழகுவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

வீட்டிலிருந்து பழகுவது

மலிவு இதுதான், நேரமும் நம் கையில். கைத்தொலைபேசியை அலுமாரியில் சாய்த்து வைத்து, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிப் பதிவுசெய்து, திரும்பப் போட்டுப் பார்ப்பது. யூடியூபில் மாதிரிக் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. இப்போது சாட்ஜிபிடி மாதிரியான செயலிகளிடம் வேலை விளம்பரத்தைக் கொடுத்து, "இந்த வேலைக்கு என்னிடம் என்ன கேட்பாய்?" என்று கேட்டால் நல்ல கேள்விகளே வருகின்றன. விரும்பினால் குரலிலேயே கேட்டுப் பதில் சொல்லலாம்.

கேள்விகளைச் சேர்க்க இது மிக நல்ல வழி. முதல் நிமிடத்துப் பதட்டத்தைக் குறைக்கவும் உதவும். ஆனால் இந்தச் செயலி உங்கள் பதிலைப் பெரும்பாலும் புகழும். இலங்கை வரி விதிகளைக் கேட்டால் சில வேளை பழைய வீதத்தையே அடித்துச் சொல்லும், ஆகவே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒருதடவை சரிபார்க்காமல் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். யூடியூபில் வரும் பதில்களோ பெரும்பாலும் இந்தியாவுக்கோ அமெரிக்காவுக்கோ உரியவை. "உங்கள் பலவீனம் என்ன?" என்ற கேள்விக்கு "நான் எல்லாவற்றையும் நூறு வீதம் சரியாகச் செய்ய நினைப்பவள், அதுதான் என் பலவீனம்" என்ற பதிலை வாரத்துக்கு மூன்று பேர் வாயால் கேட்டிருக்கிறேன். நாலாமவர் ஆரம்பிக்கும்போதே எங்களில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவிடுவார்.

தனிப்பயிற்சி அவசியம் என்று நான் வற்புறுத்துவது ஸூம், டீம்ஸ் வழியாக நடக்கும் முதற்சுற்றுக்கு. கொரோனாவுக்குப் பிறகு கொழும்புக் கம்பனிகள் பல முதற்சுற்றை அப்படித்தான் வைக்கின்றன. 2014 இல் வேலையை விட்டவருக்கு இது முழுக்கப் புதிது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மாடி வீடு என்றால் ரயில் போகும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜன்னலைப் பூட்டினாலும் அந்தச் சத்தம் வரும். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் கறுப்பு உருவம் ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். தொலைபேசியின் டேட்டாவையும் தயாராக வையுங்கள், வைஃபை நின்றால் அப்படியே மாறலாம். நடுவில் தொடர்பு அறுந்தால் பதறாமல் திரும்ப வந்து, "மன்னிக்கவும், லைன் கட்டாகிவிட்டது, கடைசியாகக் கேட்ட கேள்வியை ஒருதடவை சொல்ல முடியுமா?" என்று கேட்டவர்களை நாங்கள் நல்லபடியாகத்தான் குறித்துக்கொண்டோம்.

வகுப்பு

வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்க முடியாமல் நாக்கு நிற்கிறது என்றால் வகுப்பு வேண்டும். ஆனால் அப்படிப்பட்டவருக்கு ஒன்றரை மாதம் போதாது, ஆறு மாதமாவது வேண்டும் என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கொள்ளுப்பிட்டியில் அல்பிரட் ஹவுஸ் கார்டன்சில் உள்ள பிரிட்டிஷ் கவுன்சிலில் முதலில் மட்டத்தைச் சோதித்து அதற்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். செலவு கூடத்தான். தெருவோர வகுப்புகளில் கெட்டிக்கார ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அதே முப்பது வாக்கியங்களை எல்லோருக்கும் ஒப்புவிக்கக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வித்தியாசத்தை அறிய ஒரு வழி உண்டு. ஒரு வகுப்பைச் சும்மா இருந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுகிறார், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். மாணவர் வாய் திறக்காத வகுப்பில் நீங்களும் திறக்கப் போவதில்லை.

ஆங்கிலம் ஓரளவு வரும், கூச்சம்தான் தடை என்பவர்கள் வகுப்புக் காசை மிச்சம் பிடிக்கலாம். கூச்சம் போக, துறைக்காரரோடு நடத்தும் மாதிரி இன்டர்வியூ இரண்டு மூன்று போதும்.

சிங்களத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்புத் தனியார் கம்பனிகளில் இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்தாலும், நடுவில் யாராவது ஒருவர் சிங்களத்துக்கு மாறிப் பார்ப்பது உண்டு. பெரும்பாலும் அது உங்களை விழுத்தும் நோக்கத்தில் கேட்பதில்லை. சாரதியோடும் களஞ்சியக்காரரோடும் பேசி வேலை வாங்க முடியுமா என்று பார்க்கிறார்கள். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம் இருந்தால் அதிலேயே பதில் சொல்லுங்கள், பிழை வந்தாலும் நிறுத்த வேண்டாம். மறுபக்கம், நம்மவர்கள் தமிழைச் சுயவிபரத்தின் கடைசி வரியில் ஒளித்து வைக்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் கிளை வைத்திருக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் வங்கிக்கும் தொலைபேசிக் கம்பனிக்கும் தமிழில் சரளமாக எழுதவும் பேசவும் தெரிந்த ஒருவர் தேவை. அதை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

குறுகிய பாடநெறி

மாதிரி இன்டர்வியூவில் ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு இதற்குப் போங்கள், அதற்கு முன் வேண்டாம். கணக்குத் துறையில் எக்ஸெல், குவிக்புக்ஸ் போன்ற மென்பொருள்களுக்குச் சில வாரப் பாடநெறிகள் உண்டு. பல கம்பனிகள் இன்டர்வியூ அன்றே ஒரு எக்ஸெல் கோப்பைத் தந்து அரை மணி நேரத்தில் முடிக்கச் சொல்லும். பட்டியலில் தேடி எடுக்கும் பழைய வீலுக்கப் மட்டும் தெரிந்தால் தப்பலாம், எக்ஸ்லுக்கப்பும் பிவட் டேபிளும் தெரிந்தால் சுலபமாகச் செய்து முடித்துவிட்டு எழும்பலாம். ஏஏடி, சீமா என்று பாதியில் விட்ட கணக்கியல் பரீட்சை இருக்கிறவர்கள், எந்தக் கட்டத்தில் விட்டோம், இப்போதைய பாடத்திட்டத்தில் அது எங்கே பொருந்தும் என்பதை அந்த நிறுவனத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். "தொடர்ந்து செய்யும் எண்ணம் இருக்கிறது" என்று வாயால் சொல்வதைவிடப் பதிவு செய்த பற்றுச்சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சான்றிதழ் சேர்ப்பதே ஒரு ஒளிவிடமாக மாறிவிடும். இன்னும் ஒரு கோர்ஸ், அதற்குப் பிறகு விண்ணப்பிக்கிறேன் என்று இரண்டு வருடம் போக்கியவர்களை அறிவேன். இடைவெளிதான் இரண்டு வருடம் நீண்டது.

நேரே போய் மோதுவது

டொப்ஜொப்ஸ் என்ற வேலை விளம்பரத் தளத்திலும் லிங்க்ட்இன்னிலும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளிலும் வருவதற்கெல்லாம் விண்ணப்பித்து, கூப்பிட்ட இடங்களுக்கெல்லாம் போய்ப் பழகுவது என்பது துணிந்தவர்களின் வழி. பயன் இருக்கிறது. எந்த மாதிரிப் பயிற்சியும் தராத ஒன்று இதில் கிடைக்கும்: அந்நியர் மூவர் முன்னால் உண்மையிலேயே வேலைக்காக உட்கார்ந்த அனுபவம். ஆனால் முதல் மூன்று தடவையும் "வற் எத்தனை வீதம்" என்ற கேள்வியிலேயே விழுந்தால் நாலாவது தடவை போக மனம் வராது. ஏன் எடுக்கவில்லை என்று எந்தக் கம்பனியும் சொல்வதில்லை. பெரும்பாலும் பதிலே வராது. ஆகவே பாடம் கிடைக்காமல் அடி மட்டும் கிடைக்கும். விருப்பமான கம்பனியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. ஒருமுறை நிராகரித்த பெயர் கோப்பில் இருக்கும்.

என் கணக்குப்படி, மாதிரி இன்டர்வியூ ஒன்றோ இரண்டோ முடிந்த பிறகு, போனாலும் பரவாயில்லை, கிடைத்தாலும் பரவாயில்லை என்ற இரண்டு இடங்களுக்குப் போய்ப் பார்ப்பதுதான் சரியான அளவு. புறக்கோட்டைப் பக்கத்து மொத்த வியாபாரக் கம்பனிகளும் வத்தளை, பேலியகொடைப் பக்கத்துக் களஞ்சியக் கம்பனிகளும் இதற்கு நல்ல இடம். முதலாளியே நேரில் கேட்பார், சுற்றி வளைக்காமல் கேட்பார்.

அரச வேலைக்கு முயல்பவர்களுக்கு இந்த ஒப்பீடு அவ்வளவு பொருந்தாது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் அறிவித்தலிலேயே வயதெல்லையும் தகைமையும் இருக்கும், பல பதவிகளுக்குப் புள்ளித்திட்டமும் இருக்கும். அதைப் பார்த்து மூலப் பத்திரங்களை ஒழுங்குபடுத்துவதுதான் அங்கே ஆயத்தத்தில் பாதி.

"இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள்?"

எந்த வழியில் தயாரானாலும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிலர் மன்னிப்புக் கேட்பதுபோல மாமியாரின் வருத்தம், பிள்ளையின் பரீட்சை, கணவரின் இடமாற்றம் என்று பத்து நிமிடம் சொல்வார்கள். கேட்பவருக்கு இரக்கம் வரும், வேலை வராது. சிலர் வீட்டு நிர்வாகத்தையே வேலை அனுபவமாக்கி, "நான் ஒரு குடும்பத்தின் நிதி முகாமையாளர்" என்பார்கள். யூடியூப் சொல்லிக்கொடுத்த பதில் அது, சபையில் எடுபடாது. மூன்றாவது வகையினர் இரண்டு வாக்கியத்தில் முடிப்பார்கள்: "2014 இல் பிள்ளைகளுக்காக வேலையை விட்டேன். இப்போது அவர்கள் வளர்ந்துவிட்டார்கள், கடந்த சில மாதமாக வரி மாற்றங்களையும் எக்ஸெலையும் படித்துத் தயாராகி வந்திருக்கிறேன்." அதோடு நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி தானாகவே வரி மாற்றங்களைப் பற்றியதாக இருக்கும், அதாவது அவர்கள் தயாராக வந்த இடத்துக்கே எங்களைக் கூட்டிப் போய்விடுவார்கள். இதைவிடக் கெட்டித்தனமான பதிலை நான் கேட்டதில்லை.

வளைகுடாவிலிருந்து திரும்பும் ஆண்களுக்கும் இதே அளவுதான். படித்தது கணக்கு, பார்த்தது களஞ்சிய மேற்பார்வை என்றால் அப்படியே சொல்லலாம். எத்தனை பேரை மேற்பார்வை செய்தீர்கள், எந்த மென்பொருளில் இருப்புப் பார்த்தீர்கள் என்பது எங்களுக்குத் தேவையான தகவல். வெட்கப்பட்டு அதை மறைத்து, காலத்தை வெறுமையாக விட்டுவிட்டால்தான் சந்தேகம் வரும்.

பெண்களிடம் "பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?" என்று இன்னமும் கேட்கிறார்கள். ஆண்களிடம் கேட்பதில்லை. நியாயமில்லாத கேள்விதான், ஆனால் மேசையில் அதைப் பற்றி வாதாடினால் வேலைதான் போகும். "அம்மா எங்களோடு இருக்கிறா, பள்ளிக்கூட வேனும் ஒழுங்கு செய்திருக்கிறேன்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். வயதைச் சுட்டினால், ஓய்வு வயது இப்போது 60 என்பதை நினைவூட்டி, நாற்பத்திரண்டு வயதுக்காரருக்கு இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

சில்லறை விஷயங்கள்

பழைய கம்பனி மூடிவிட்டது, சேவைக் கடிதம் இல்லை என்று தவிப்பவர்கள் ஊழியர் சேமலாப நிதியின் பழைய கணக்கு அறிக்கைகளைத் தேடி எடுங்கள், இன்ன காலத்தில் உங்களுக்காக நிதி கட்டினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. உடை விஷயத்தில் இவ்வளவு போதும்: சேலையோ ஒஃபிஸ் உடுப்போ, ஒரு தடவை முன்பே உடுத்திப் பார்த்ததாக இருக்கட்டும். கோட்டையில் உலக வர்த்தக மையம் போன்ற கட்டடங்களில் வாசலில் அடையாள அட்டையைக் காட்டி விசிட்டர் கார்ட் எடுத்த பிறகுதான் லிஃப்டுக்கே விடுவார்கள், காலை நேரத்தில் அதற்கு வரிசை நிற்கும். வெள்ளவத்தையிலிருந்து 101 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் காலி வீதி நெரிசலில் வியர்ப்பதைவிட, ரயிலில் செயலகத் தரிப்பில் இறங்கி நடப்பது நல்லது. முதல்நாள் ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

யாருக்கு எது

வேலை நன்றாகத் தெரியும், ஆங்கிலம் சுமாராக வரும், இடைவெளி பத்து வருடத்துக்கு மேல் என்றால்: துறைக்காரரிடம் ஒருமுறை, அவர் சொன்னதைப் படிக்க இரண்டு வாரம், திரும்ப அவரிடம் ஒருமுறை, அப்புறம் விண்ணப்பம். வகுப்பு வேண்டாம். இடைவெளி மூன்று நாலு வருடம் மட்டும் என்றால் ஆயத்தத்தில் காலம் போக்காமல் நேரே விண்ணப்பியுங்கள். ஆங்கிலம் உண்மையிலேயே தடை என்றால், வகுப்பில் சேர்ந்துகொண்டே, ஆங்கிலம் குறைவாகத் தேவைப்படும் இடங்களுக்கு இப்போதே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள், ஆறு மாதம் கழியட்டும் என்று இருக்க வேண்டாம். துறையையே மாற்ற நினைப்பவருக்கு மட்டும்தான் பாடநெறியை முதலில் வைப்பேன்.

கடைசியாகச் சம்பளம். எல்லோரும் பயிற்சி செய்யாமல் போகும் கேள்வி இதுதான். பழைய சம்பளத்தோடு கொஞ்சம் கூட்டிச் சொல்வது சிலர் வழக்கம். 2014 இல் டொலர் 130 ரூபாய் அளவில் இருந்தது, 2022 இல் 360 ஐத் தாண்டியது. அந்தக் காலத்துத் தொகையை வைத்து இன்று கணக்குப் பார்த்தால் பஸ் காசுக்கும் பிள்ளையின் வேனுக்குமே சரியாகப் போகும். "கம்பனி தருவதைத் தாருங்கள்" என்று விட்டுவிடுவதும் நல்லதில்லை, ஆகக் குறைந்த தொகைதான் வரும். அதே வேலைக்கு இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்று, மாதிரி இன்டர்வியூ செய்த அதே துறைக்காரரிடம் கேட்டு வைத்து, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று ஒரு வீச்சாகச் சொல்லுங்கள். அவர்கள் ஒரு தொகை சொன்னால் அது கழிவுகளுக்கு முன்னரா பின்னரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் அதிலிருந்து போகும். கம்பனி கட்ட வேண்டிய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் அதற்கு மேலாக அவர்கள் போட வேண்டியவை, சொன்ன தொகைக்குள் அடங்கக் கூடாது. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் ஒன்றரை இலட்சம் வரை ஏபிட் இல்லை. இதைக் கணக்குப் பிரிவு வேலைக்கு வந்தவர் மேசையிலேயே மனதால் கணக்குப் போட்டுக் கேட்டார் என்றால், எங்களுக்கும் அவரிடம் கேட்க வேறு கேள்வி மிச்சமிருக்காது.